‘ளி’ எழுத்து பத்தல

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்பு காலோட வாங்க, பரவால்ல, இது அச்சாபீஸ்தான், கோயில் இல்ல. அந்த ஸ்டூல் மேல இருக்குற பேப்பர் கட்ட எறக்கி வச்சுட்டு உக்காருங்க. நீங்க வாயே தொறக்க வேணாம், எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். பைக்குள்ளருந்து அந்தச் செவப்புப் பெட்டி எட்டிப் பாக்குது பாருங்க. ‘முற்றுகை’. தவசிலிங்கம் வீட்டுக்கு வழி கேக்க வந்திருக்கீங்க. அதான?

எனக்குத் தெரியும். வர்றவங்க எல்லாம் இப்படித்தான் வர்றாங்க. பஸ் ஸ்டாண்டுல எறங்கி, போர் ஆட்டம் செய்றவரு வீடு எங்கன்னு கேப்பாங்க. உடனே அங்கன நிக்கிற ஆட்டோக்காரன், தனம் பிரஸ்ல போயிக் கேளுங்கன்னு கை காட்டி விட்டுருவான். நான் என்ன அவன் வீட்டு வாச்மேனா? முப்பத்தஞ்சு வருசமா பிரஸ் வச்சிருக்கேன் தம்பி. இந்த சிவகாசியில என் மெஷின்ல ஏறாத லேபிளே கெடையாது. மத்தாப்பு லேபிள், தீப்பெட்டி லேபிள், சாமி காலண்டர், எல்லாம் அடிச்சிருக்கேன். பாம்பும் ஏணியும் படம் இருக்குல்ல, அது எங்க படம்தான். பாதித் தமிழ்நாட்டுல பிள்ளைங்க எங்க பாம்புகிட்டதான் கடி வாங்கியிருக்கும். என்னைக்காவது ஒருத்தன், இந்தப் பாம்ப அச்சடிச்சவரு யாரு, அவரு வீடு எங்கன்னு கேட்டு பஸ் ஏறி வந்திருக்கானா? இல்ல நீங்களே சொல்லுங்க.

பொறாமைன்னு நினைச்சுக்காதீங்க. பொறாமை எனக்கு எதுக்கு?

வழி சொல்றேன், சொல்லாம எங்க போகப் போறேன். மொதல்ல ஒரு டீ குடிங்க. இப்பப் போனாலும் அங்க கூட்டமாத்தான் இருக்கும். அவனுக்கு வாதம் வந்து வலது கை விழுந்ததுலருந்து ஊரே ஆரஞ்சுப் பழத்த வாங்கிக்கிட்டுப் போயிப் பாத்துட்டு வருது. நான் போகல. எதுக்குப் போகணும்? பேச்சு நின்னு வருசக்கணக்காச்சு. அங்கதான் அவன் வீட்டுக்காரிக்கு ஒத்தாசையா, அவன்கூட ஆட வர்ற அமலோற்பவம் டீச்சர் இருக்குல்ல, அது பாத்துக்கிடும். மாத்திரை எடுத்துக் குடுக்கும், பேப்பர் வாசிச்சுக் காட்டும், பலகை விரிச்சு அவனுக்காகக் காய் நகட்டிக் குடுக்கும். எல்லாத்துக்கும் அங்க ஆளு இருக்கு. நான் எதுக்கு எடஞ்சலா?

டேய் காளிராசு, ரெண்டு டீ சொல்லு. ஒன்னுல சீனி போடாம.

தவசி யாருன்னு நினைச்சீங்க? எங்கூடப் படிச்சவன். அப்புறம் இதே பிரஸ்லதான் லேபிளுக்குப் படம் வரஞ்சுக்கிட்டு இருந்தான். நல்ல கை. புலி வரஞ்சா மீசை ஒன்னொன்னா தெரியும். ஆனா புத்தி எல்லாம் யுத்தத்துல. எந்தப் படை எந்தப் பக்கம் வந்துச்சு, எந்த ஆத்தத் தாண்ட முடியாம நின்னுச்சு, எங்க சோறு தீந்துச்சு, இதே பேச்சு. ஒருநாள் ஒரு அட்டையில கட்டம் போட்டு, மலை, காடு, கம்மாய், நடுவுல ஒரு மண்கோட்டை எல்லாம் வரஞ்சு கொண்டு வர்றான். சின்னச் சின்ன அட்டைத் துண்டு வெட்டி ஒன்னொன்னுலயும் ஒரு எண்ணு எழுதியிருக்கான். அந்த எண்ணுதான் அந்தப் படையோட பலமாம். காட்டுக்குள்ள போனா மெதுவாத்தான் போகணும், ஆத்துல எறங்கினா பலம் பாதி. ஒருத்தன் கோட்டையக் காப்பாத்தணும், இன்னொருத்தன் புடிக்கணும். உங்களுக்குத் தெரியாததா? நீங்கதான் பெட்டியோட வந்திருக்கீங்களே. ஆனா அன்னைக்கு இது எவனுக்கும் தெரியாது தம்பி. தாயம் தெரியும், சதுரங்கம் தெரியும். இப்படி ஒன்ன நம்ம தமிழ்ல நான் அதுக்கு முன்ன பாத்ததில்ல.

இப்ப ஒரு விசயம் சொல்றேன், இத எவனும் பேட்டியில சொல்ல மாட்டான். அந்தப் பலகையில கட்டமெல்லாம் ஆறு மூலையா இருக்குல்ல? மொதல்ல அவன் சதுரமாத்தான் போட்டிருந்தான். படை குறுக்கால போனா தூரம் கணக்கு ஒதைக்குதுன்னு மண்டையப் பிச்சுக்கிட்டுத் திரிஞ்சான். ஒருநாள் எங்க வீட்டுக்குச் சாப்பிட வந்தவன் கக்கூஸுக்குப் போனான். போனவன் போனவன்தான். கதவத் தட்டுறேன், சத்தமே இல்ல. என் வீட்டுக்காரி குணசுந்தரி பயந்து போயிட்டா. கடைசியில வெளிய வந்து என்னயக் கட்டிப் புடிக்கிறான். ‘கெடச்சுருச்சுடா, கெடச்சுருச்சுடா’ங்கிறான். அங்க தரையில ஆறு மூலை ஓடு பதிச்சிருந்தேன். எந்தப் பக்கம் போனாலும் தூரம் ஒன்னுதான் பாத்தீங்களா. அந்த ஓட்டக் கடை கடையா ஏறி எறங்கித் தேர்ந்தெடுத்தது யாரு? நான். சதுர ஓடு போதும்னு சொன்னா குணசுந்தரி. நான்தான் ஒத்துக்கல. அப்ப அந்த யோசனை யாருது? பெட்டி மேல யாரு பேரு போட்டிருக்கு? தவசிலிங்கம். ஆக்கியவர், வெளியிடுபவர், எல்லாம் தவசிலிங்கம். என் பேரு எங்க இருக்குன்னு பாருங்க. பின்னாடி அடியில, ‘அச்சு: தனம் பிரஸ்’. அதுவும் லென்ஸு வச்சுப் பாக்கணும். அந்த எழுத்த அவ்வளவு சின்னதா போட்டது நான்தான்னு வைங்க, எடம் இல்ல. அது வேற.

சரி, ஆட்டம் செஞ்சா போதுமா? ஆடிப் பாக்க ஆளு வேணும்ல. யாரு ஆடினா? நான்தான். சாயங்காலம் மெஷின நிறுத்தினதும் பேப்பர் கட்டு மேல பலகைய விரிப்பான். அவன் கோட்டைக்குள்ள, நான் வெளிய. மறுநாள் நான் உள்ள, அவன் வெளிய. ஒவ்வொரு ஆட்டம் முடிஞ்சதும் ஒரு விதிய மாத்துவான். நான் கம்மாய ஒடச்சு விட்டுக் கோட்டைய முக்கப் பாத்தேன், அதுக்கு ஒரு விதி. நான் படையெல்லாம் காட்டுக்குள்ளயே ஒளிச்சு வச்சுட்டு வெளிய வரமாட்டேன்னு உக்காந்தேன், அதுக்கு ஒரு விதி. பாதி விதி என்னால வந்ததுதான். எழுதுறப்ப என்னயப் பாத்துக்கிட்டே எழுதுவான். ‘நான் இங்க வந்தா எதிரி என்ன செய்வான்?’ அப்படின்னு கேட்டுக்கிட்டே என் மூஞ்சியப் பாப்பான். ‘எதிரி தன் படையோடு பின்வாங்கலாம். எதிரி பாலத்தை எரிக்கலாம்.’ எல்லா எதிரியும் நான்தான்.

அப்படியே பேரு ஒட்டிக்கிச்சு. பிரஸ்ல பசங்க எதிரி அண்ணாச்சின்னாங்க. டீக்கடையில தவசி வந்து உக்காந்தா, ‘எதிரி வரல? அவருக்கு ஒரு டீ சேத்துப் போடவா?’ன்னு கேப்பாங்க. அவனுக்குப் பொண்ணு பாத்தப்ப பொண்ணோட மாமன் சாத்தூர்லருந்து விசாரிக்க வந்திருக்காரு. டீக்கடையில போயி, தவசிலிங்கம் எப்படி ஆளுன்னு கேட்டிருக்காரு. ஆளு தங்கம், அவரு எதிரிகூட இப்பதான் எந்திரிச்சுப் போறாருன்னு சொல்லியிருக்கான் கடைக்காரன். மனுசன் ஆடிப்போயிட்டாரு. எதிரி இருக்கிற வீட்டுல எப்படிப் பொண்ணக் குடுக்குறதுன்னு திரும்பிப் போயிட்டாரு. அப்புறம் நான் சாத்தூர் வரைக்கும் போயி, ஐயா நான்தான் அந்த எதிரி, எங்களுக்குள்ள ஒன்னும் கெடையாது, ஒரே தட்டுல திங்கிற ஆளுங்கன்னு சொல்லிக் கல்யாணத்த முடிச்சு வச்சேன். கல்யாணத்துல மேடையில என்னயக் கூப்பிட்டு, இவன்தான் என் எதிரின்னு எல்லார்கிட்டயும் காட்டினான். எவ்வளவு பெருமையா சொன்னான் தெரியுமா? அப்ப சொன்னான்.

நான் ஜெயிச்சேனா தோத்தேனான்னு கேக்குறீங்களா? கேக்கலயா? பரவால்ல, சொல்றேன். கட்டை அவனுக்கு விழுற மாதிரி எனக்கு விழாது. உருட்டுற கட்டை தம்பி, அதுல தெறமை என்ன இருக்கு? நான் ரெண்டு போட்டா அவன் ஆறு போடுவான். கோட்டை விழுந்துரும். விழுந்ததும் என்ன செய்வான்னா, எந்திரிச்சு நின்னு கைய நீட்டுவான். வெள்ளக்காரன் ஆட்டம் மாதிரி கை குலுக்கணுமாம். நான் குடுக்க மாட்டேன். மெஷின்ல சோலி கெடக்கு, மைத்தட்டு கழுவணும்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிருவேன். நீட்டின கையோட நிப்பான். ஒருநாளு ரெண்டு நாளு இல்ல, எல்லா நாளும் இதான். கடைசியில அதுக்கும் ஒரு விதி எழுதினான் பாருங்க. இருபத்திரண்டாம் விதி. கடைசி விதி. எனக்கு மனப்பாடம். ‘கோட்டை விழுந்தாலும், எதிரி எழுந்து வந்து கைகொடுக்கும் வரை ஆட்டம் முடிந்ததாகாது.’

என்னய அவமானப்படுத்தத்தான் எழுதினான். ஆனா அதுல அவனே மாட்டிக்கிட்டான் தெரியுமா? நான் இன்னைக்கு வரைக்கும் கை குடுத்ததில்ல. அப்ப அவன் எழுதின விதிப்படியே ஒரு ஆட்டம்கூட முடியல. முடியலன்னா அவன் எப்படி ஜெயிச்சான்? என்னய எவனும் ஜெயிச்சதில்ல தம்பி. நீங்க வேணும்னா இத எழுதிக்கிடலாம்.

டீ வந்துருச்சு. எடுத்துக்கங்க. அது சீனி போடாதது, எனக்கு.

அப்புறம் வந்துச்சு அந்த டீச்சர். கான்வென்டுல தமிழ் டீச்சர். பிள்ளைங்களுக்குப் பரிசு குடுக்க ஆட்டம் வேணும்னு இங்க வந்துச்சு, இதே ஸ்டூல்லதான் உக்காந்துச்சு. தவசி அதுக்கு ஆடக் கத்துக் குடுத்தான். பொம்பள பிள்ளைகளுக்குத்தான, சும்மா தெரிஞ்சுக்கட்டும்னு நானும் விட்டுட்டேன். மூணாவது ஆட்டத்துல கோட்டையப் புடிச்சுருச்சு. சோத்து வண்டிய மட்டும் மறிச்சுக்கிட்டு உக்காந்துருச்சு தம்பி. ஒரு சண்டை போடல. அவன் கோட்டைக்குள்ள பட்டினி கெடந்து காலியாயிட்டான்.

தோத்தான்ல, மூஞ்சி தொங்கும்னு பாத்தேன். சிரிக்கிறான். வாய் நெறய சிரிக்கிறான். ‘பாத்தியாடா தனுஷ்கோடி, பாத்தியாடா’ன்னு என் தோள்ல அடிக்கிறான். அத்தன வருசம் எதுக்க உக்காந்து நான் தோத்துக்கிட்டு இருந்தேன், ஒருநாளும் அவன் அப்படிச் சிரிச்சதில்ல. அந்தம்மாகிட்ட ஒருதடவ தோத்ததுக்கு அப்படி ஒரு சிரிப்பு. அந்தம்மா எந்திரிச்சுக் கைய நீட்டுச்சு. இவன் ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டான். எனக்கு வயித்துக்குள்ள தீயப் பத்த வச்ச மாதிரி இருந்துச்சு. பொறாமை இல்ல. அசிடிட்டின்னு டாக்டர் சொன்னாரு, அன்னைக்கு வடை தின்னிருந்தேன்.

அதுக்கப்புறம் சாயங்காலம் ஆனா டீச்சர். நான் மெஷின நிறுத்திட்டு வந்து பாத்தா பலகை விரிச்சாச்சு, எதுக்க அது உக்காந்திருக்கு. என் எடத்துல. ‘வாங்க அண்ணாச்சி, இந்தாங்க நீங்க ஆடுங்க’ன்னு எந்திரிக்கும். நான் எனக்கு வேல இருக்கும்மான்னு சொல்லிட்டு வேல இல்லாத மெஷினத் தொடச்சுக்கிட்டு நிப்பேன். அவனாவது கூப்பிடணும்ல? நீ வாடான்னு ஒரு வார்த்தை? காயப் பாத்துக்கிட்டே இருப்பான்.

அதுகூடப் பரவால்ல. எடந்தான போச்சு, பேரு இருக்குல்லன்னு இருந்தேன். அந்தப் பேரயும் எடுத்துச்சு.

ரெண்டாம் பதிப்பு போடுறப்ப விதிப் புத்தகத்த டீச்சர் திருத்துச்சு. தமிழ் டீச்சர்ல. ஒற்று மிகும், மிகாது, எல்லாம் போட்டு வச்சுச்சு. சரி. அப்புறம் எங்க ரெண்டு பேரயும் பாத்துச் சொல்லுது, ‘அண்ணாச்சி, எதிரின்னா மனசுல பகை இருக்கணும். ஆட்டத்துல பகை ஏது? எதுக்க உக்காந்து ஆடுறவருக்கு எதிராளின்னுதான் பேரு. பிள்ளைங்க வாசிக்கிற புத்தகம், எதிராளின்னே போட்டுருங்க.’ நான் தவசியப் பாக்குறேன். அவன் சொல்வான், அது அப்படியே இருக்கட்டும் டீச்சர், அதுல ஒரு கதை இருக்குன்னு சொல்வான்னு பாக்குறேன். தலையச் சொறிஞ்சுக்கிட்டு, ‘டீச்சர் சொல்றது சரிதானடா’ங்கிறான்.

சரிதானாம். இலக்கணப்படி சரிதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா ஊரே கூப்பிட்ட பேரு தம்பி. அவன் கல்யாண மேடையில குடுத்த பேரு. எதிராளின்னா எவன் வேணாலும் எதிராளி. பெட்டி வாங்குற எவனும் எதிராளி. டீச்சரும் எதிராளி.

அத நானே என் கையால கோக்கணும் பாருங்க. அப்ப ஈய எழுத்து. அன்னைக்கு எழுத்து கோக்குற கம்பாசிட்டர் வேற லீவு. ஒவ்வொரு எதிரியா பிரிச்சு எடுத்துட்டு எதிராளி, எதிராளின்னு கோத்தேன். சொன்ன வேலையச் செஞ்சேன். கடைசி விதியில மட்டும் எதிரின்னே நின்னுபோச்சு. வேற ஒன்னுமில்ல, ‘ளி’ எழுத்து தீந்துபோச்சு. ஈய எழுத்து அளவாத்தான் தம்பி இருக்கும். ஒரு எழுத்து தீந்துட்டா தீந்ததுதான். ஒரு பக்கத்துல எத்தன ‘ளி’ போடுறது? ‘ளி’ பத்தல.

என்ன பாக்குறீங்க? அதுக்கு அடுத்த வரியா? காட்டுங்க. ‘விளையாட்டுப் பொருட்களைக் குழந்தைகளுக்கு எட்டாமல் ஒளித்து வைக்கவும்.’ ஆமா, ஒளித்துன்னு இருக்கு. ‘ளி’ இருக்கு. அது... அது மொதல்லயே கோத்து வச்ச வரி. அப்ப இருந்துச்சு. அப்புறம் தீந்துபோச்சு. அச்சு வேலை தெரிஞ்சவங்களுக்கு இது தெரியும்.

டீச்சருக்குக் கண்ணுல பட்டுச்சு, அண்ணாச்சி ஒரு எடத்துல விட்டுப்போச்சேன்னு கேட்டுச்சு. அடிச்சு முடிச்சாச்சும்மா, அடுத்த பதிப்புல பாப்போம்னு சொன்னேன். தவசி அந்த வரிய வாசிச்சான். மறுபடி வாசிச்சான். புத்தகத்த மூடிப் பைக்குள்ள வச்சுக்கிட்டான். அதுக்கு என்ன அர்த்தம்? இவனுக்கு ஒரு வேலையும் உருப்படியா செய்யத் தெரியலன்னு அர்த்தம். எனக்குப் புரியாதா?

அப்புறம் மதுரையில ஒரு விழா வச்சாங்க. அதுக்குள்ள அவன் ஆட்டம் எங்கெங்கயோ போயிருந்துச்சு, ஏழெட்டு ஆட்டம் போட்டிருந்தான், ஆடுறவங்க சேந்து ஒரு சங்கமே வச்சிருந்தாங்க. தமிழ்ல போர்ப்பலகை ஆட்டத்துக்கு முன்னோடின்னு பேனர். எனக்கும் பத்திரிக வந்துச்சு. புதுச் சட்டை எடுத்துப் போட்டுக்கிட்டுப் போனேன். அவன் மைக்கப் புடிச்சுப் பேசுறான். ‘இத நான் ஒத்தையில செய்யல. எதுக்க ஒரு ஆளு உக்காரலன்னா ஆட்டமே இல்ல. அதனால என்னோட எதி...’ங்கிறான், மைக்கு கீன்னு கத்துது, ‘...மேடைக்கு வரணும்’ங்கிறான்.

நான் எந்திரிச்சுட்டேன் தம்பி. வேட்டிய இழுத்து விட்டுக்கிட்டு நடந்துட்டேன். பாதி தூரம் போயிட்டேன். முன் வரிசைலருந்து டீச்சர் மேடையேறிக்கிட்டு இருக்கு. ஆளுக கை தட்டுறாங்க. நடுவுல நான் நிக்கிறேன். எல்லாரும் என்னயப் பாக்குற மாதிரி இருந்துச்சு. பக்கத்துல இருந்தவர்கிட்ட, பாத்ரூம் எங்கன இருக்குன்னு கேட்டேன். அவரு கை காட்டின பக்கமே போயிட்டேன். உள்ள போயித் தரையப் பாத்தா சதுர ஓடு. அப்புறம் பின்பக்கமா வெளிய வந்து பஸ் ஏறிட்டேன். அதுக்குப் பெறகு அவன் மேடையில என்ன பேசினான்னு எனக்குத் தெரியாது. என்ன பேசியிருக்கப் போறான், டீச்சரப் புகழ்ந்திருப்பான்.

மறுநாள் வந்தான். பிரஸ் வாசல்ல நின்னு, ஏன்டா பாதியில போயிட்டன்னு கேட்டான். மெஷின்ல சோலி கெடந்துச்சுன்னேன். அதுக்கு மேல அவனும் கேக்கல, நானும் பேசல. அன்னைக்கோட நின்னுச்சு பேச்சு.

ஆனா வேல மட்டும் இங்கதான் வரும். நான் கேக்கல. ஊர்ல இத்தன பிரஸ் இருக்கு, கலர் மெஷின் வச்சவன் இருக்கான். தவசி எல்லா ஆட்டத்தையும் இங்கதான் அனுப்புவான், ஆளு வச்சு. கம்ப்யூட்டர் வந்தப்புறம் மூணாம் பதிப்பு போட்டோம். பழசப் பாத்து அப்படியே அடிச்சோம். கடைசி விதியில எதிரி அப்படியே வந்துருச்சு. ஆமா, கம்ப்யூட்டர்ல எழுத்து தீராதுதான். பழசப் பாத்து அடிச்சோம்னு சொல்றேன்ல. திருத்திப் பாக்க அனுப்பின ப்ரூஃப் திரும்பி வருது. டீச்சர் சிவப்பு மையில அந்த வார்த்தையச் சுழிச்சு, ஓரத்துல எதிராளின்னு எழுதியிருக்கு. அத இவன் பச்சை மையில அடிச்சுட்டு, கீழ புள்ளி புள்ளியா வச்சு, ‘இருக்கட்டும்’னு எழுதியிருக்கான். ப்ரூஃப்ல அப்படிப் போட்டா, திருத்தாத, உள்ளபடியே விடுன்னு அர்த்தம். நாலாம் பதிப்புலயும் அப்படியே. டீச்சர் சுழிக்கும், இவன் இருக்கட்டும்னு போடுவான். ஒவ்வொரு பதிப்புக்கும் இதே கூத்து.

பாருங்க திமிர. நான் விட்ட தப்பு ஊரு உலகத்துக்கெல்லாம் தெரியட்டும்னு வச்சிருக்கான். எவனாவது தன் புத்தகத்துல தப்பு இருக்கட்டும்னு எழுதுவானா? எம்மேல அவ்வளவு கடுப்பு.

சரி, டீ குடிச்சாச்சுல்ல. வழி சொல்லுறேன். இப்படியே நேராப் போனீங்கன்னா ஒரு தண்ணித் தொட்டி வரும், அதுக்கு எடது பக்கம்...

என்ன? வழி வேணாமா?

அங்கருந்துதான் வர்றீங்களா? தவசி வீட்டுலருந்தா? அப்ப வந்ததும் சொல்ல வேண்டியதுதான தம்பி? நான் விட்டேனா? ஆமா, நான் விடலதான்.

என்னயப் பாக்கவா வந்தீங்க? எதுக்கு?

எந்த விதியில சந்தேகம்? இருபத்திரண்டா? என்னது, பெங்களூர்ல இதுக்காகச் சண்டையா? எல்லா விதியிலயும் எதிராளி இருக்கு, இதுல மட்டும் எதிரின்னு இருக்கு, அதனால எதிரிங்கிறது வேற ஆளுன்னு ஒரு கட்சியா? மூணாவதா ஒரு ஆளு வந்து கை குடுத்தாத்தான் ஆட்டம் முடியும்னா? அதுக்காக... திரும்பச் சொல்லுங்க. ஒவ்வொரு தடவையும் காலி நாற்காலி ஒன்னு போட்டு வச்சுட்டு ஆடுறீங்களா? எதிரி வந்தா உக்கார?

கிறுக்குப் பசங்களா இருக்கீங்களே தம்பி. அது ‘ளி’ பத்தாம வந்தது.

அவன்கிட்டயே கேட்டீங்களா? என்ன சொன்னான்? இருங்க, அவன் சொன்னபடியே சொல்லுங்க, ஒரு வார்த்தை கூட்டாம கொறைக்காம.

‘அது அச்சுப் பிழை இல்ல. எதிராளி எனக்கு நூறு பேரு. எதிரி ஒருத்தன்தான். அவன் தனம் பிரஸ்ல இருப்பான். நாற்காலி அவனுக்குத்தான்.’

வாய் கோணிக்கிச்சுன்னு சொன்னாங்களே, இவ்வளவும் எப்படிப் பேசினான்? திக்கித் திக்கியா? பக்கத்துல டீச்சர் இருந்துச்சா? அது காதுல விழுந்துச்சா? நல்லா விழுந்துச்சா? என்ன சொல்லுச்சு? ‘போயிக் கூட்டிட்டு வாங்க தம்பி, இவரு என்கூட ஒழுங்காவே ஆட மாட்டேங்கிறாரு’ன்னா? அப்படியா சொல்லுச்சு. ம். வாதம் வந்தவன் எப்படி ஒழுங்கா ஆடுவான்? அதுக்கும் அவனக் கொற சொல்லணுமா அந்தம்மா?

பலகை விரிச்சிருக்கா இப்ப? யாரு வெளிய, யாரு உள்ள? என்னது, ஒரு பக்கம் மட்டும்தான் காய் அடுக்கியிருக்கா?

டேய் காளிராசு, அந்த மெஷின நிறுத்து. நான் வெளிய போறேன். எங்கன்னு உனக்கு எதுக்கு? வேட்டி மை பட்டிருக்கா பின்னாடி? இருக்கட்டும்.

வாங்க தம்பி, நீங்க வண்டியில பின்னாடி உக்காருங்க. நான் ஒன்னும் அவன ஓடிப்போயிப் பாக்கப் போகல. விதியில சந்தேகம்னு வெளியூர்லருந்து ஒரு ஆளு வந்திருக்கு, தீத்து வைக்கணும்ல, அதுக்குத்தான்.

போனா கைய நீட்டுவான். தெரியும் எனக்கு, அவன் மாறமாட்டான். குடுத்தா ஆட்டம் முடிஞ்சுரும் தம்பி. இத்தன வருசமா முடியாம வச்சிருக்கேன், இப்பப் போயி, அவன் இப்படிக் கெடக்குறப்ப, நான் முடிச்சு வைக்கணுமா?

வலது கை தூக்க வராதுல்ல அவனுக்கு? எடது கையத்தான் நீட்டணும். எடது கைய நீட்டக் கூசுவான், மரியாதை இல்லன்னு உள்ளயே வச்சுக்கிட்டு முழிப்பான், மடையன். நான் மொதல்ல என் எடது கைய நீட்டிர்றேன். அப்ப அவனும் நீட்டுவான்ல.

எடது கை குடுத்தா அது கை குடுத்த கணக்குல வராது. நீங்களே சாட்சி. ஆட்டம் முடியல.